கூறப்படுகிறது

ஏற்காடு ஏரிக்கரையில் நின்றுகொண்டு அவர் மிளகாய் பஜ்ஜி தின்றதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவில் இருக்கிறது. அன்று காலைதான் என் கட்டுரை ஒன்றில் பதினோரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு என் மேசையில் வைத்திருந்தார். தினை லட்டைப் பற்றிய கட்டுரை. ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் பொடி எழுத்தில் ‘யார் சொன்னது?’ என்று எழுதியிருந்தார். பதினோரு கேள்விக்கும் பதில் இல்லாமல் டீ குடிக்க இறங்கி வந்தால், இவர் எண்ணெய் கசியும் காகிதத்தைக் கையில் ஏந்தி, காரத்தில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தார்.

“ஏனுங்க மேடம், உணவு ஆரோக்கியம்னு பத்திரிகை நடத்தறோம். நாமளே இதைத் தின்னா எப்படிங்க?” என்றேன்.

“கடைக்காரர் பஜ்ஜின்னு சொல்லித்தானுங்க சார் விக்கறாரு. மருந்துன்னு சொல்லலீங்களே” என்றார். இன்னொன்றை எடுத்துக் கடித்தார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதுவதென்றால் அவரிடம் கேட்க வேண்டும். கேட்டால் இந்தக் கட்டுரையை அனுப்பச் சொல்வார். அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நான் அப்போது ஒரு மாத இதழின் பொறுப்பாசிரியர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏரிக்கு இறங்கும் சாலையில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டு அறைகள்தான் அலுவலகம். கீழே கேக் வேகும் வாசனை ஏறி வரும். மேலே உட்கார்ந்து நாங்கள் சர்க்கரையின் தீமைகளை எழுதிக்கொண்டிருப்போம். முதலாளி சேலத்துக்காரர். அவருக்கு ஏற்காட்டில் ஒரு லாட்ஜும், தேன், மிளகு, காபித்தூள், சிறுதானிய மாவு எல்லாம் விற்கும் ஒரு கடையும் இருந்தன. கடைக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் தேனோடு இதழையும் வாங்கிப் போவார்கள். மலையில் சந்தா கட்டியவர்களும் இருந்தார்கள். எஸ்டேட் ஊழியர்கள், வாத்தியார்கள், கடைக்காரர்கள். இதழில் முக்கால்வாசியை நானே எழுதினேன், ஐந்தாறு பெயர்களில்.

இவர் பிழை திருத்துவதற்காக வந்தவர். கணவர் இங்கே ஒரு ஓட்டலில் சமையல் மாஸ்டர். அதனால் சேலத்தில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு மலைக்கு வந்துவிட்டார். அந்த வேலை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு என்று எழுதிக் கொடுப்பது என்பதை நான் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். சேர்ந்த அன்று சொல்லவில்லை. ஒற்றெழுத்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று சொன்னோம், வந்தார்.

முதல் நாளே ஒற்றெழுத்தையெல்லாம் பார்த்து முடித்துவிட்டு, ‘ஆய்வுகள் தெரிவிக்கின்றன’ என்ற இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“இது எந்த ஆய்வுங்க சார்?”

“பொதுவா எல்லா ஆய்வுலயும் சொல்றதுதானுங்க.”

“ஒண்ணு பேரு சொன்னீங்கன்னா போதுமுங்க. மீதியை நான் பார்த்துக்கறேன்.”

எனக்கு ஒரு பெயரும் தெரியாது. அந்த வரியை அடித்துவிட்டு ‘என்று கூறப்படுகிறது’ என்று மாற்றிக் கொடுத்தேன். சாமர்த்தியமாகத் தப்பித்துவிட்டதாக ஒரு நினைப்பு. அரை மணியில் திரும்பி வந்தார்.

“கூறப்படுகிறதுன்னா, கூறுன ஆளு ஒருத்தர் இருக்கோணுமுங்களே சார்.”

குரலை உயர்த்திப் பேசினால் சண்டை போடலாம். அவர் உயர்த்தவே மாட்டார். பஸ் எப்போது வரும் என்று விசாரிப்பது மாதிரிதான் கேட்பார். பதில் வரும்வரை நகரவும் மாட்டார். வட்டம் போட்ட வரிக்கு நான் பதில் சொல்லாவிட்டால், தானே தேட ஆரம்பித்துவிடுவார். கல்லூரிகளுக்குப் போன் செய்வார், புத்தகம் எழுதியவர்களுக்குக் கடிதம் போடுவார், லீவு நாளில் சேலத்துக்கு இறங்கி நூலகத்தில் உட்காருவார். அதுவரை அந்தப் பக்கம் அச்சுக்குப் போகக் கூடாது. அச்சகத்திலிருந்து போன் வரும். முதலாளியிடமிருந்து போன் வரும். ஒரு மாதம் ‘கல்லீரலைக் கழுவும் பானங்கள்’ என்ற கட்டுரையில் முக்கால் பங்கை எடுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அந்த இடத்தில் ஏரியின் போட்டோவைப் போட்டு ‘மலையின் அழகு’ என்று தலைப்புக் கொடுத்தேன். வாசகர் ஒருவர், கல்லீரலுக்கும் ஏரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு எழுதியிருந்தார்.

அந்தக் கடிதத்தை அவரிடம் நீட்டினேன். படித்துவிட்டு, “இவரு சரியாத்தானுங்க கேட்டிருக்காரு” என்று பத்திரமாகக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

தினை லட்டுக் கட்டுரை மூன்று வாரம் கிடந்தது. நான் மறந்தே போய்விட்டேன். ஒரு மத்தியானம் மழையில் நனைந்தபடி படியேறி வந்தார். சேலையை முறுக்கிப் பிழிந்துவிட்டு, பாலித்தீன் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். தானியங்களின் சத்துகளைப் பட்டியல் போட்ட ஏதோ ஒரு புத்தகத்தின் பக்கம். “கிடைச்சிருச்சுங்க சார். இரும்புச்சத்து பத்தி நீங்க எழுதுனது சரிதானுங்க” என்றார். அந்த ஒரு வட்டத்தை மட்டும் ரப்பரால் அழித்துக் காகிதத்தை ஊதினார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நான் எழுதியது சரி என்பதில் எனக்கே அந்தச் சந்தோஷம் வரவில்லை. மற்றப் பத்து வட்டங்களும் அப்படியே இருந்தன.

கரடியூர் விஷயத்தில்தான் எங்களுக்குள் முதல்முறையாகப் பெரிய தகராறு வந்தது. முடவாட்டுக்கால் கிழங்கு சூப்பைப் பற்றி அட்டைப்படக் கட்டுரை. ‘மூட்டுவலியே இல்லாத மலைக்கிராமம்’ என்று தலைப்பு வைத்திருந்தேன். ஊர் கரடியூர். நான் அங்கே போனதில்லை, வியூ பாயிண்டில் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்ததோடு சரி. முதலாளி கடையில் கிழங்கு விற்பனைக்கு வந்திருந்தது. அட்டை அச்சாகிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை இவர் ஜீப் ஏறிக் கரடியூர் போய்விட்டார்.

திங்கள்கிழமை காலை வந்து உட்கார்ந்தார்.

“போய்ட்டு வந்தேனுங்க சார். பன்னெண்டு ஊட்டுல கேட்டேன். சூப்பு நல்லாத்தான் இருக்குமாம், எனக்கும் ஒரு ஊட்டுல வெச்சுக் குடுத்தாங்க. ஏழு ஊட்டுல, ஊட்டுக்கு ஒருத்தருக்கு மூட்டுவலி இருக்குதுங்க. ஒரு அம்மா எங்கிட்டயே கேக்கறாங்க, முட்டிக்கு ஊசி போட சேலத்துல எந்த ஆஸ்பத்திரி நல்லதுன்னு.”

“அட்டை அச்சாயிருச்சுங்க மேடம்.”

“தெரியுமுங்க. அதானுங்க திங்கக்கெழமை காலையிலயே வந்துட்டேன்.”

“நாலு பேருக்கு வலி இருந்தா, ஊருக்கே வலின்னு அர்த்தமாங்க?”

“ஏழு பேருங்க சார்” என்றார்.

அட்டை அப்படியேதான் வந்தது. உள்ளே கட்டுரையில் மட்டும் அவர் சொன்னபடி இரண்டு பத்தியை மாற்றினேன். அட்டையில் வலியே இல்லாத ஊர். உள்ளே வலி இருக்கிற ஊர். யாரும் கண்டுகொள்ளவில்லை. அதுதான் எனக்குப் பெரிய ஆறுதலாகவும் அவருக்குப் பெரிய வேதனையாகவும் இருந்தது. “ஒருத்தர்கூட எழுதிக் கேக்கலீங்களே சார்” என்று அடுத்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. பழைய இதழ்களில் வந்த பழக் கட்டுரைகளைச் சேர்த்துப் புத்தகமாகப் போட வேண்டும். கடையில் பழ ஜாமுக்குப் பக்கத்தில் வைத்தால் போகும் என்றார். நான் இருபது கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ஒன்று ஸ்டார் ஃப்ரூட் என்று ஏரிக்கரையில் மிளகாய்ப்பொடி தூவி விற்பார்களே, அந்த நட்சத்திரப் பழத்தைப் பற்றியது. ‘சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தினமும் காலையில் இரண்டு பழத்தைச் சாறு பிழிந்து குடித்தால் சிறுநீரகம் புத்துயிர் பெறும்’ என்று ஒரு வரி. இவர் அதில் போட்டது வட்டம் இல்லை. வரியைச் சுற்றிக் கட்டமே கட்டியிருந்தார்.

“இது யாருங்க சார் சொன்னது?”

இந்த முறை என்னிடம் பதில் இருந்தது. சென்னையில் வெளியான ஒரு பழ மருத்துவப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அதே வரி அதில் இருந்தது. அவர் பதிப்பகத்துக்குப் போன் செய்து, நூலாசிரியரின் எண்ணை வாங்கி, அவரைப் பிடித்துவிட்டார். நூலாசிரியரோ இணையத்தில் ஒரு தளத்திலிருந்து எடுத்ததாகச் சொன்னார். அந்தத் தளத்தை நடத்துகிறவரைப் பிடிக்கப் பத்து நாள் ஆயிற்று. அவரும் ஒளிக்கவில்லை. ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு மாத இதழில் படித்ததாகச் சொன்னார்.

இவர் எங்கள் பழைய இதழ்க் கட்டுகளை இறக்கி, தூசி தட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டினார். நான் வேறு வேலை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒரு இதழை விரித்துக்கொண்டு வந்தார். கட்டுரைக்கு மேலே என் புனைபெயர்களில் ஒன்று.

“சார், சுத்திச் சுத்தி வந்தா நீங்கதானுங்க இருக்கறீங்க.”

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. எனக்கும் சிரிப்பு வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன்பு அந்த வரியை எப்படி எழுதினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஏரிக்கரையில் பழ வண்டிக்காரர், “கிட்னிக்கு நொம்ப நல்லதுங்க” என்றார். ‘தினமும் காலையில்’ என்பதும் ‘இரண்டு பழம்’ என்பதும் ‘புத்துயிர்’ என்பதும் நான் சேர்த்தவை. பக்கத்தில் நாலு வரி குறைந்தது, அதற்காகச் சேர்த்தேன்.

“நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப, கிட்னி போனவங்களுக்குத் தரக் கூடாததுன்னு ஒரு பட்டியல் சுவத்துல ஒட்டியிருக்குமுங்க. அதுல இந்தப் பழம் இருக்குதுங்க சார்” என்றார். அவர் நினைவை அவரே நம்பவில்லை. மறுநாள் சேலத்துக்கு இறங்கி, சிறுநீரக டாக்டர் ஒருவரைப் பார்த்து, நல்ல சிறுநீரகம் உள்ளவர்களுக்கு அளவாகச் சாப்பிட்டால் பயமில்லை, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இது விஷம் போல் வேலை செய்யும், தொடவே கூடாது என்று கையெழுத்தோடு எழுதி வாங்கி வந்தார்.

முதலாளி அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். புத்தகத்திலிருந்து அந்தக் கட்டுரையை எடுத்துவிட முதலாளி உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் இவர் கேட்டது அது மட்டும் இல்லை. பழைய கட்டுரை தப்பு என்று இதழில் போட வேண்டும், முதல் பக்கத்தில் போட வேண்டும்.

“ஏம்மா, ஆறு வருசத்துக்கு முந்தின பொஸ்தகத்தை எவன் வெச்சிருக்கான்? நாமளே போயித் தப்புன்னு சொன்னா, மீதி எல்லாம் சரியான்னு கேப்பாங்களே.”

“கேக்கட்டுங்க மொதலாளி. கேக்கறது நல்லதுதானுங்க.”

முதலாளி என்னைப் பார்த்தார். இவரும் என்னைப் பார்த்தார். “புத்தகத்துல இருந்து எடுத்துட்டோமுங்களே. இப்போதைக்கு அது போதும்” என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதே அது எவ்வளவு வழுவழுப்பாக வந்தது என்று எனக்குத் தெரிந்தது. இவர் எழுந்து வெளியே போனார்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்த சந்தாதாரர் விலாசப் பதிவேட்டைப் பார்த்து, மலையிலிருந்த ஒவ்வொரு சந்தாதாரருக்கும் தன் கையால் அஞ்சலட்டை எழுதிப் போட்டுவிட்டார். ‘நட்சத்திரப் பழம் பற்றி நம் இதழில் வந்தது தவறு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது. டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளவும்.’ கீழே தன் பெயர், தன் போன் நம்பர். முதலாளிக்கும் ஒரு கார்டு போயிருந்தது, லாட்ஜ் விலாசத்தில் அவரும் சந்தாதாரர் பட்டியலில் இருந்ததால்.

அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இவர் மேசை டிராயரைக் காலி செய்து, பென்சிலையும் ரப்பரையும் எடுத்துக்கொண்டு, எனக்கு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். கோபத்தோடு போயிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நாலு நாள் கழித்து மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருப்பவரின் மனைவி அலுவலகத்துக்கு வந்தார். எஸ்டேட்டில் ஆள் வருகை எழுதுகிற குமாஸ்தாவைத்தான் இங்கே ரைட்டர் என்பார்கள். அந்த அம்மாவின் ஒரு கையில் அஞ்சலட்டை. இன்னொரு கையில் என் கட்டுரை, கத்தரித்து அட்டையில் ஒட்டி, அடுப்புப் புகையில் பழுத்த நிறத்தில். அவர் கணவருக்கு ஒரு வருடமாகச் சிறுநீரகம் சரியில்லை.

“ஏனுங்க, இதுல எதுங்க நெசம்? தோட்டத்துலயே மரம் இருக்குது. போன மாசத்துல இருந்து தெனமும் சாறு புழிஞ்சு குடுத்துட்டு இருக்கறனுங்க.”

உள்ளறையில் முதலாளி இருந்தார். கதவு திறந்திருந்தது. ‘கார்டில் இருப்பதுதான் நிஜம். அந்தக் கட்டுரையை நான்தான் எழுதினேன், தெரியாமல் எழுதினேன்’ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று மூச்சில் சொல்லி முடித்திருக்கலாம்.

“எதுக்கும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்கம்மா” என்றேன்.

அந்த அம்மா இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, “இது அச்சுல வந்ததாச்சே. அது கையில எழுதுனதுதானுங்களே” என்றார். படியிறங்கிப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் ஸ்டாண்டு வரை போகும் வழியெல்லாம் கூப்பிட்டு நிறுத்த நேரம் இருந்தது.

அடுத்த வாரம் ரைட்டருக்கு விக்கல் எடுத்தது. ஒரு பகல் முழுக்க நிற்கவில்லை. மறுநாள் மனைவியைப் பார்த்து யார் என்று கேட்டிருக்கிறார். எஸ்டேட் ஜீப்பில் போட்டு, கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் தலையைப் பிடித்துக்கொண்டு, சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர்கள் கேட்டபோது சோறு, ரசம், மாத்திரை என்று சொன்ன மனைவிக்குப் பழச்சாறு ஞாபகத்தில் வரவில்லை. அது அவருக்குச் சாப்பாடு இல்லை, மருந்து. பிறகு பையிலிருந்த கார்டைப் பார்த்து அந்த நம்பருக்குப் போன் செய்தார். இவர் அடுத்த பஸ்ஸில் இறங்கிப் போய், பழத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னார். உடனே ரத்தத்தைச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். ரைட்டர் பிழைத்தார். ஆனால் வேலைக்குத் திரும்பவில்லை. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்காக மலை இறங்கி ஏறுகிறவராக ஆகிவிட்டார்.

எனக்கு விஷயம் தெரிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது, வராந்தா பெஞ்சில் இவர் உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

“என்னாலதானுங்க மேடம் இப்படி ஆச்சு” என்றேன்.

“அப்படி முழுசாச் சொல்ல முடியாதுங்க சார். கிட்னி முன்னாலயே போய்க்கிட்டுத்தான் இருந்துச்சு. பழம் எவ்வளவு கெடுத்துச்சுன்னு டாக்டருக்கே உறுதியாத் தெரியலை. நீங்க எங்கயாச்சும் இதை எழுதுனா, அதையும் சேர்த்து எழுதோணுமுங்க” என்றார்.

சேர்த்து எழுதிவிட்டேன்.

மறுநாள் ராஜினாமாக் கடிதமும் திருத்தமும் ஒரே தாளில் எழுதி முதலாளியிடம் கொடுத்தேன். திருத்தம் போட்டால் ராஜினாமா வேண்டாம் என்று பேரம். கொடுப்பதற்கு முன் திருத்தத்தை இவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருந்தேன். ‘தவறு நேர்ந்துவிட்டது’ என்று எழுதியிருந்ததைப் பார்த்து, “நேர்ந்துச்சுன்னா மழை மாதிரியிங்களா சார்?” என்று கேட்டார். ‘நான் விசாரிக்காமல் எழுதினேன்’ என்று மாற்றினேன். முதலாளி போட்டார். கடைசிப் பக்கத்தில், தன் கடையின் சத்துமாவு விளம்பரத்துக்குக் கீழே, கண்ணாடி போட்டாலும் சிரமப்பட்டுப் படிக்கிற எழுத்தில் போட்டார். என் பேரம் அவ்வளவுதான் பெறும் என்று நான் மேலும் ஒரு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன். பிறகு இதழே நின்றுபோனது. இவர் கணவருக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் வேலை கிடைத்து, இருவரும் மலையை விட்டுப் போய்விட்டார்கள்.

போன மாதம் எங்கள் குடும்பக் குழுவில் என் தங்கை ஒரு செய்தியை அனுப்பியிருந்தாள். நட்சத்திரப் பழத்தின் படம், அதன் கீழே என் வரி, ஓர் எழுத்து மாறாமல். ‘ஏற்காடு மலைவாழ் மக்களின் ரகசியம்’ என்று யாரோ தலைப்பு மட்டும் சேர்த்திருந்தார்கள். இது பொய், இதை எழுதியதே நான்தான் என்று போட்டேன். “நீ எழுதுனதுன்னா உன் பேரு இருக்குமே அண்ணா, அதுக்கு என்ன ஆதாரம்?” என்று கேட்டாள். மாமா ஒருவர் அதற்குக் கைதட்டும் படம் போட்டார்.

பல வருடம் கழித்து, அஞ்சலட்டைகளில் மேடம் எழுதியிருந்த அந்த நம்பருக்குப் போன் செய்தேன். அதே நம்பர்தான். விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்குப் போன வாரமே வந்துச்சுங்க சார். அனுப்புனவங்களைப் பிடிச்சு, அவங்களுக்கு அனுப்புனவங்களையும் பிடிச்சு, அஞ்சு பேரு வரைக்கும் பேசிட்டேன். அதுக்கு மேல ஒருத்தர் வெளிநாட்டுல இருக்கறாரு, எடுக்க மாட்டேங்கறாரு. உங்க தங்கச்சிக்கு யாரு அனுப்புனாங்கன்னு கேட்டீங்களா?”

“கேக்கலீங்க.”

“கேளுங்க சார்.”

கேட்டேன். தங்கை தன் பக்கத்து வீட்டுக்காரரைச் சொன்னாள். அவர் தன் அலுவலக நண்பரைச் சொன்னார். நண்பர், ஓசூரில் இருக்கும் தன் அத்தை மகன் அனுப்பியதாகச் சொல்லி நம்பர் கொடுத்தார். ஒன்பது நாளாக அந்த நம்பருக்கு அடித்துக்கொண்டிருக்கிறேன். மணி போகிறது, எடுக்கவில்லை.